தறி மட்டும் போதாது: ஆடைத்துறை மூத்தவர்களின் உடையும் நட்பும் ஏன் பேசப்படுகின்றன?

ஆடைத்துறையில் நீண்டகாலம் உழைத்த ஒருவர் மறைந்தால், அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். அவர் எப்படி உடுத்தினார் என்பது ஒன்று. யார் யாரோடு நட்பாக இருந்தார் என்பது மற்றது. மாத்தளையின் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா 2015 இல் மறைந்தபோதும், கைத்தறித் துணிகளால் அறியப்பட்ட பார்பரா சன்சோனி 2022 ஏப்ரலில் மறைந்தபோதும் அப்படித்தான் எழுதினார்கள். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது புதிராகப் பட்டால் அதில் வியப்பில்லை. ஒரு பொறியியலாளர் மறைந்தால் அவர் எந்தச் சட்டை போட்டார், அவர் வீட்டு விறாந்தையில் யார் வந்து இருந்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. துணி செய்தவருக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை?

வசதியானவர்களின் வீட்டுக் கதைகளைக் கேட்கும் ஆவல் இதில் கொஞ்சம் உண்டு. ஆனால் அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அந்த இரண்டு செய்திகளும் நிற்கும். ஏனென்றால் இத்தொழிலில் உடுத்தும் முறையும் நட்பும் தறியைப் போலவே வேலைக்கருவிகள். போருக்குப் பின் வடக்கில் தையல் இயந்திரங்களும் தறிகளும் பயிற்சிகளும் கொடுக்கப்பட்டன. நாடே பெயர் சொல்லி அறியும் ஒரு துணி இங்கிருந்து இன்னும் எழவில்லை. அதற்கான காரணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு கருவிகளும் கைக்கு வராததுதான் என்பது என் முடிவு. அதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

முதலில் மூன்று சொற்கள்

பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாறி வருகின்றன. பிரித்து வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

1. மோஸ்தர்: ஒரு காலத்தில் பலர் ஒன்றாக உடுத்துவது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வீதியில் நின்று பார்த்தால் அந்த ஆண்டின் மோஸ்தர் என்னவென்று தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு அது போய்விடும்.

2. தனிப்பாணி: ஒருவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்யும் தெரிவு. மோஸ்தர் மாறினாலும் இது மாறாது. தூரத்தில் வரும்போதே ஆள் இன்னார் என்று உடையைக் கொண்டு சொல்ல முடிந்தால், அவருக்குத் தனிப்பாணி இருக்கிறது.

3. முத்திரை: தனிப்பாணி ஆளைவிட்டுப் பிரிந்து பொருளில் ஏறுவது. துணியைப் பார்த்ததும் அது எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று பெயர்ச்சீட்டைப் பாராமல் சொல்ல முடிந்தால் அது முத்திரை.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் வழிதான் வடிவமைப்பாளரின் வாழ்க்கை. பலர் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். விற்பனை நடக்கும், பெயர் நிற்காது.

உடம்பே சோதனைச்சாலை

துணியை மேசையில் விரித்து வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது தோளில் எப்படி விழுகிறது, வியர்வையில் எப்படி ஒட்டுகிறது, பத்தாவது தோய்ப்பில் நிறம் எங்கே போகிறது என்பதெல்லாம் உடுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே இத்துறையில் உள்ளவர் நாள்தோறும் எதை உடுத்துகிறார் என்பது அவர் நடத்தும் பரிசோதனையின் பதிவு. மருந்து ஆய்வாளரின் குறிப்புப் புத்தகத்துக்கு நிகரானது அவரது அலுமாரி.

இதை அருங்காட்சியகங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஐரிஸ் ஆப்ஃபெல் என்ற பெண் கணவரோடு சேர்ந்து 1950 இல் ஒரு துணி நிறுவனத்தைத் தொடங்கிப் பழைய நெசவுகளை மீட்டு நெய்வித்தவர். வெள்ளை மாளிகையின் திரைச்சீலைகள்வரை அவரது கை பட்டது. ஆனாலும் உலகம் அவரைப் பெரிய அளவில் அறிந்தது 2005 இல், நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அவர் சொந்தமாக உடுத்திய ஆடைகளையும் அணிகளையும் கண்காட்சியாக வைத்தபோது. அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். 2024 இல் 102 வயதில் மறையும்வரை அந்தக் கனத்த வளையல்களும் பெரிய வட்டக் கண்ணாடியும் அவரோடு இருந்தன. வடிவமைத்த துணியைவிட உடுத்திய விதம் பெரிய படைப்பாகக் கொள்ளப்பட்டதற்கு அவர் தெளிவான எடுத்துக்காட்டு.

இலங்கையில் இதை முதலில் உணர்ந்து நடந்தவர் ஒரு கட்டடக் கலைஞர். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் 1948 இல் இணைந்த முதல் ஆசியப் பெண். ஐரோப்பியக் கூட்டங்களுக்குச் சேலை கட்டி, கூந்தலில் பூ வைத்துப் போனார். அதே ஆண்டு போலந்தின் வுரோட்சுவாஃப் நகரில் நடந்த அறிஞர் மாநாட்டில் பிக்காசோவோடு அவர் நிற்கும் படத்தில் கண் முதலில் போவது அந்தச் சேலைக்குத்தான். அதைப் பகட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால் அவர் கண்டியில் கட்டிய வீட்டுக்குள், அருகிலுள்ள தும்பறை ஊர் நெசவாளரின் பாய்ப் பின்னலைக் கொண்டுவந்தவரும் அவரேதான். உடம்பில் சொன்னதையே கட்டடத்திலும் சொன்னார். உள்ளூர் கைவேலை புதிய காலத்தோடு சேர்ந்து நிற்க முடியும் என்பதை வரைபடத்துக்கு முன்பே சேலையால் நிரூபித்துவிட்டார். தனிப்பாணி தொழிலாவது இப்படித்தான்.

தறியின் கணக்கு

பார்பரா சன்சோனியின் வேலையைப் புரிந்துகொள்ள நெசவின் அரிச்சுவடி தெரிய வேண்டும். துணி இரண்டு வகை நூலால் ஆனது. நீளவாட்டில் முன்கூட்டியே தறியில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. நாடா என்ற நூல்தாங்கிக் கருவியில் ஏறிக் குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டு மிதிகள் கொண்ட எளிய தறியில் ஒரு மிதியை அழுத்தினால் பாவின் ஒன்றுவிட்ட ஒரு நூல் மேலெழும். நாடா ஓடும். மற்ற மிதியை அழுத்தினால் எஞ்சிய நூல்கள் எழும். நாடா திரும்பும். இந்தத் தறியால் மயிலும் மாங்காயும் போட முடியாது. அதற்கு வேறு பொறியமைப்பும் பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். எளிய தறியில் நெசவாளரின் கையில் இருப்பவை மூன்றே: நூலின் நிறம், நூலின் தடிமன், எந்த நிறத்தில் எத்தனை நூல் என்ற எண்ணிக்கை. விளைவு கோடு அல்லது கட்டம்.

1950களின் பிற்பகுதியில் வத்தளையில் நல்லாயன் கன்னியர் மடத்தைச் சேர்ந்த அயர்லாந்துத் துறவி ஒருவர், அங்கே நெசவு பழகிக்கொண்டிருந்த பெண்களுக்கு உதவும்படி சன்சோனியிடம் கேட்டார். சன்சோனி நெசவாளர் அல்லர். கண்டியில் 1928 இல் பிறந்து, கொடைக்கானலில் பள்ளி சென்று, இலண்டனில் ஓவியம் படித்தவர். அவர் அந்தப் பெண்களிடம் சிக்கலான நெசவைக் கேட்கவில்லை. அவர்களால் இன்றைக்கே செய்யக்கூடிய கோட்டை எடுத்துக்கொண்டு, முழுச் சுமையையும் நிறத்தின் மீது ஏற்றினார். செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு, அதற்குப் பக்கத்தில் மயில்நீலம் என்று மற்றவர்கள் சேர்க்கத் தயங்கிய நிறங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒரு நிறம் தனியே நிற்கும்போது ஒன்றாகவும் இன்னொன்றின் அருகே வேறாகவும் தெரியும். ஓவியருக்கு இது பாலபாடம். பாவில் பன்னிரண்டு நூலா பதினான்கு நூலா என்ற எண்ணிக்கையில் அந்தப் பாடம் நெசவுக்குள் வந்தது.

இதில் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. பாவு ஏற்றுவது நாள்கணக்கான வேலை. ஏற்றிய பின் ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றினால் ஒரே பாவிலிருந்து பல துணிகள் பிறக்கும். ஒவ்வொன்றும் புதிதாகத் தெரியும். பழகுநரின் திறமைக்குள் நின்று, குறைந்த செலவில், மிகுந்த வகை. இந்தத் தீர்வு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. பயிற்சித் திட்டம் வகுப்பவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். ‘இன்னும் கடினமானதைக் கற்றுக்கொள்’ என்று நெசவாளரைத் துரத்தாமல், வடிவமைப்பாளர் தன் கண்ணைக் கடினமாக உழைக்கவைத்தார்.

இந்தத் துணிகள்தான் 1960களில் கொழும்பில் ‘பேர்ஃபுட்’ என்ற கடையாயின.

நட்பு இதற்குள் எங்கே வருகிறது? டென்மார்க்கிலிருந்து வந்து கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவோடு வேலை செய்த உல்ரிக் பிளெஸ்னரும், ஓவியர் லக்கி சேனாநாயக்கவும், கட்டடக் கலைஞர் இஸ்மத் ரஹீமும், சன்சோனியும் 1960களின் தொடக்கத்தில் நாடெங்கும் பழைய கட்டடங்களைத் தேடிப்போய் வரைந்தார்கள். விகாரை, பள்ளிவாசல், தேவாலயம், சாதாரண வீடு என்று வேறுபாடு பார்க்கவில்லை. அந்தக் கோட்டோவியங்களைப் பார்த்தபின் அவரது துணியைப் பாருங்கள். தூண், நிழல், தூண், நிழல் என்று அடுக்கும் விறாந்தையும், நிறம், இடைவெளி, நிறம் என்று அடுக்கும் பாவும் ஒரே தாளத்தில் நடப்பதாகவே எனக்குத் தெரிகிறது. நண்பர்களோடு வீதி அளந்த கண்தான் நூலை எண்ணியது.

மெழுகும் மேற்கூரையும்

ஈனா டி சில்வாவின் கதை நட்பின் வேலையை இன்னும் வெளிப்படையாகக் காட்டும். பத்திக் என்பது யாவாவிலிருந்து வந்த முறை. வெள்ளைத் துணியில் எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே உருகிய மெழுகைப் பூசி, வெளிர்நிறச் சாயத்தில் தோய்ப்பார்கள். பிறகு அந்த வெளிர்நிறம் நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி அடுத்த நிறத்தில் தோய்ப்பார்கள். கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றுவார்கள். ஆகவே படத்தைத் தலைகீழாக, வெளிச்சத்திலிருந்து இருளுக்கு, மனத்தில் வைத்திருக்க வேண்டும். தவறினால் அழிக்க முடியாது. வரைபவர், மெழுகு பூசுபவர், சாயம் தோய்ப்பவர் என்று பல கைகள் தேவைப்படும் வேலை இது. தனியாள் கலை என்று சொல்லிக்கொள்ள இதில் வழியே இல்லை.

ஈனா 1922 இல் பிறந்தவர். சேலையும் பெரிய ஆபரணங்களும் அவரது அடையாளம். 1960களின் தொடக்கத்தில் மகன் அனிலோடும் லக்கி சேனாநாயக்கவோடும் சேர்ந்து பத்திக் தொழிலைத் தொடங்கினார். அதே காலத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் அவருக்குப் பாவா ஒரு வீடு கட்டினார். நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், பழைய தூண்கள், ஓட்டுக்கூரை. நாற்சார் வீட்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு அதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அந்த வீடு கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு வாடிக்கையாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் இடையில் இருந்த நட்பைத்தான் அப்படித் தூக்கிப்போய் வைத்தார்கள்.

அந்த நட்பு வட்டம் தொழிலுக்குச் செய்தவற்றை எண்ணிச் சொல்லலாம்.

1. முதல் ஓடர். புதிய துணியை முதலில் வாங்குபவர் சந்தையில் கிடைக்கமாட்டார். பெந்தோட்டையில் 1960களின் இறுதியில் பாவா கட்டிய கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக்கு ஈனாவின் பத்திக் துணிகளே மேற்கூரையாயின. கோட்டேயில் 1982 இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்திலும் அவரது கொடிகள் தொங்கின. கேள்விப்பத்திரம் கோரி மலிவானதை எடுக்கும் முறையில் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

2. அளவு. சேலைக்குத் துணி செய்பவர் ஆறு யார் நீளத்துக்குள் நினைப்பார். கூரைக்குச் செய் என்று நண்பர் கேட்டால் பட்டறையின் தொட்டி பெரிதாக வேண்டும், வரையும் கோடு தடிக்க வேண்டும், ஆட்கள் கூட வேண்டும். தொழில் வளர்வது இத்தகைய நெருக்குதலில்தான்.

3. இரவல் திறமை. சேனாநாயக்க ஈனாவின் பட்டறையில் வரைந்தார். பாவாவின் கட்டடங்களில் சிற்பம் செய்தார். 1979 இல் வெளிவந்த நாணயத்தாள்களில் விலங்குகளையும் பறவைகளையும் தீட்டினார். ஒருவரைச் சம்பளத்தில் கட்டிவைத்திருந்தால் கிடைக்காத வீச்சு இது. இதே வட்டத்தின் நடுவே ஒரு தமிழ்ப் பொறியியலாளரும் நின்றார் என்பதை நாம் மறக்கக் கூடாது. பாவாவின் தொழிற்பங்காளியான கே. பூலோகசுந்தரம் இல்லாமல் அந்தக் கூரைகள் நின்றிரா.

4. ‘இது சரியில்லை’ என்று சொல்லும் வாய். விற்பனையாளர் சொல்லமாட்டார், ஊழியர் சொல்ல அஞ்சுவார். நண்பர்தான் சொல்லுவார்.

காலமும் துணைநின்றது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. வெளிநாட்டுத் திரைச்சீலை வாங்க முடியாதபோது உள்ளூர்த் துணிக்கு இடம் பிறந்தது. சுற்றுலா ஹோட்டல்கள் எழத்தொடங்கின. நட்பு மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. வாசல் திறந்தபோது உள்ளே போக ஆயத்தமான ஒரு கூட்டம் இருந்தது என்பதே சரி.

யாழ்ப்பாணத்துக்கு இது அந்நியமா?

அந்நியமே இல்லை. நம்மிடம் சரக்கும் இருந்தது, சிந்தனையும் இருந்தது. ஒன்றோடொன்று சேரவில்லை.

சரக்கைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிகளிலும் மணல் நிலத்தில் தோண்டிய சாயவேர் பெரும் வருமானம் தந்த பொருள். படிகாரம் சேர்த்து அந்த வேரில் காய்ச்சிய சிவப்பு வெயிலுக்கும் தண்ணீருக்கும் எளிதில் மங்காது. அந்தக் காலத்தில் சாயம் தோய்த்த துணி இங்கிருந்து கப்பல் ஏறியது. 1869 இல் அதே சிவப்பை ஐரோப்பிய வேதியியலாளர் ஆய்வுகூடத்தில் செய்துவிட்டனர். வேருக்கு விலை போயிற்று. அறிவும் மெல்லப் போயிற்று. இன்று கல்யாண வீட்டில் கூறை என்று சொல்கிறோம். அந்தப் பெயர் மயிலாடுதுறையின் கூறைநாட்டு நெசவிலிருந்து வந்தது என்பார்கள். நம் மிக முக்கியமான துணியின் பெயரே அக்கரையில் இருக்கிறது.

சிந்தனையில் நாம் முந்தி நின்றோம். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, தந்தைவழியில் வடமராட்சி வேர் கொண்டவர். 1905 இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய சமூகச் சீர்திருத்தச் சங்கம், ஐரோப்பிய உடையை யோசனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தது. அவரது முதல் மனைவி எதெல், இலங்கையில் இருந்த ஆண்டுகளில் கைவினைஞரின் வேலையை அருகிருந்து பார்த்தார். பின்பு எதெல் மேரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் டிட்ச்லிங் கிராமத்தில் தறி போட்டார். இயற்கைச் சாயங்களைப் பற்றி 1916 இல் நூல் எழுதினார். அந்நாட்டுக் கைநெசவு மறுமலர்ச்சியின் தாயாகக் கொள்ளப்படுகிறார். இந்தத் தீவில் முளைத்த ஒரு விதை அங்கே மரமானது. இங்கே அந்த மரம் இல்லை என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

1924 இல் தோன்றி, பிற்பாடு வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், நட்பு வட்டம் உடையைக் கருவியாக்கியதற்கு நம் ஊரின் தெளிவான சான்று. ஹன்டி பேரின்பநாயகமும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஆசிரியர்களும் தேசிய உடையை மேற்கொண்டார்கள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்கள் அழைப்பில். கதர் நிதிக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டிப்போனார். ஆசிரியர்கள் வேட்டி கட்டிப் பாடசாலைக்குப் போனது அன்று துணிவான தனிப்பாணி. ஆனால் அந்தத் துணிவு அரசியலாகவே நின்றது. நிறம் என்ன, நெசவு என்ன, இந்த மண்ணில் எதைக் கொண்டு செய்யலாம் என்று கேட்க அவர்கள் நடுவே ஒரு நெசவாளரோ ஓவியரோ இருக்கவில்லை. வட்டம் இருந்தது, தறி இல்லை.

பிறகு தறி வந்தது, வட்டம் இல்லை. இறக்குமதித் தடைக் காலத்தில் வடக்கிலும் நெசவு நிலையங்கள் இயங்கின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து நாடெங்கும் கைத்தறியை அடித்தது. தெற்கில் பெயர் பெற்றிருந்த சில பட்டறைகள், துணிக்குப் பதில் முத்திரையை விற்று உயிர்தப்பின. இங்கே விற்க முத்திரை இருக்கவில்லை. யார் அளந்து விற்கும் கணக்கு மட்டும் இருந்தது. 1983 க்குப் பின் போர். 1995 ஒக்டோபரில் வலிகாமமே ஓரிரவில் பெயர்ந்தது. தறியைத் தூக்கிக்கொண்டு யாரும் செம்மணியைக் கடக்க முடியாது.

யாருடைய பெயர் எழுதப்படுகிறது?

கொழும்பு வட்டத்தைப் புகழும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அவர்கள் ஆங்கிலம் பேசிய, செல்வாக்குள்ள சில குடும்பங்கள். ஈனாவின் தந்தையும் கணவரும் பொலிஸ் மா அதிபர்களாக இருந்தவர்கள். நட்பு வட்டம் என்பது பல நேரங்களில் வர்க்க வட்டமும் ஆகும். நூலை எண்ணிய, மெழுகு பூசிய பெண்களின் பெயர்கள் வரலாற்றுப் பக்கங்களில் அரிதாகவே வருகின்றன. ஈனா பிற்காலத்தில் தம் குடும்ப ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி மாத்தளைப் பெண்களோடு பட்டறை நடத்தினார். அந்தப் பெண்களின் தொழில் தொடர்ந்தது. அது அவருக்குப் பெருமை. ஆனாலும் துணியின் ஓரத்தில் அவர்கள் பெயர் வர வேண்டும் என்று கேட்பது நியாயமே.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. நெசவும் சாயமும் சாதியோடு பிணைந்திருந்த ஊர் இது. சாயவேர் தோண்டியவர்களும் அதைத் தோய்த்தவர்களும் ஒரே திண்ணையில் இருக்க அனுமதிக்கப்படவில்லை. ஓவியர், நெசவாளர், கொத்தனார், தையற்காரர் ஒரே மேசையில் சமமாக இருந்து ‘இது சரியில்லை’ என்று ஒருவருக்கொருவர் சொல்லும் நிலை வராமல் படைப்பு நட்பு பிறக்காது. போரும் சந்தையும் செய்த சேதத்தைப் பேசுகிறோம். இந்தச் சேதத்தையும் அதே குரலில் பேச வேண்டும்.

நண்பர்கள் சேர்ந்து செய்தால் உரிமை யாருக்கு?

இன்று யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று தோழியர் சேர்ந்து இணையத்தில் சேலையோ சட்டையோ விற்கத் தொடங்குவது பரவலாகிவிட்டது. ஒருவர் வரைகிறார், ஒருவர் தைக்கிறார், ஒருவர் உடுத்திப் படம் போடுகிறார். பிரியும்போதுதான் குழப்பம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நிலைமை இது.

1. தனிப்பாணிக்கு உரிமை இல்லை. கூந்தலில் பூ வைப்பதையோ கோடு போட்ட துணியையோ யாரும் தனக்கென்று பூட்டிவைக்க முடியாது. வரைந்த குறிப்பிட்ட வடிவத்துக்கே பாதுகாப்பு.

2. ஓவியமாக வரைந்தால் வரைந்தவரின் ஆயுள், அதற்குப் பின் 70 ஆண்டு. இருவர் கூடி வரைந்தால் கடைசியாக எஞ்சியவரின் மறைவிலிருந்து 70 ஆண்டு. ஆனால் பயன்படு பொருளில் அமைந்த கலைப்படைப்புக்கு, செய்த நாளிலிருந்து 25 ஆண்டுதான்.

3. கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு செய்தால் 5 ஆண்டு. இரண்டு முறை புதுப்பிக்கலாம், ஆக 15 ஆண்டு. வடிவம் புதியதாக இருக்க வேண்டும். அதனால் படத்தைப் பொதுவெளியில் போடுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

4. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்ததன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கு.

5. பெயர் வர்த்தகக் குறியாகப் பதிவானால் 10 ஆண்டு, அதன்பின் தொடர்ந்து புதுப்பிக்கலாம். மற்றவை எல்லாம் காலாவதியாகும், பெயர் மட்டும் நிற்கும். அந்தப் பெயர் யாருடையது என்று தொடக்கத்திலேயே ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பமிடுவது நட்பைக் குறைக்காது. காக்கும்.

இங்கே எதிலிருந்து தொடங்கலாம்

தறி எத்தனை, பயிற்சி பெற்றோர் எத்தனை என்று எண்ணும் திட்டங்கள் இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்றுவிப்பவர்களில் எத்தனை பேர் அந்தத் துணியைத் தாமே உடுத்துகிறார்கள் என்பது ஒன்று. நெசவாளர்கள் அறிந்த ஓவியர், கட்டடக் கலைஞர், தையற்காரர் எத்தனை பேர் என்பது மற்றது. ஆட்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கும் மாணவர் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். 1978 இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் கீழ் ஓலையும் நாரும் பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். ஓலைப் பின்னலும் ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும் கணக்குத்தான், எளிய தறியின் கணக்குத்தான். இந்த இரண்டு கூட்டமும் ஒரே முற்றத்தில் ஆறு மாதம் இருந்து வேலை செய்தால் என்ன பிறக்கும் என்று பார்க்க எனக்குப் பேராவல்.

முதல் ஓடருக்கும் இடம் உண்டு. நூலகம், மண்டபம், விடுதி என்று நகரில் பொதுக் கட்டடங்கள் எழுகின்றன. திரைச்சீலையை, கட்டி முடிந்த பின் மீற்றர் விலைக்குக் கேள்விப்பத்திரம் கோரினால் கைத்தறி ஒருநாளும் வெல்லாது. எளிய கைத்தறியில் துணியின் அகலம் நெசவாளரின் கைவீச்சுக்குள், ஒரு மீற்றருக்குச் சற்று முன்பின்னாக அடங்கும். ஜன்னலை வரையும் நாளிலேயே கட்டடக் கலைஞர் நெசவாளரிடம் போய்த் தறியின் அகலத்தைக் கேட்டு, அந்த அளவின் மடங்கில் ஜன்னலை வைத்தால், துணியை வெட்டவும் ஒட்டவும் வேண்டாம், கரை கரையாகவே தொங்கும், வெளியூர்த் துணி அந்த இடத்துக்குப் பொருந்தாது.